கராஜின் ஓசையும் கேட்போர் தீர்ப்பும்
ஸ்ரோக்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டை முன்வைத்துச் சில விமர்சனக் குறிப்புகள்

கலைப்படைப்பொன்றைச் சுவைப்போர் அதுபற்றிக் கூறும் அபிப்பிராயங்கள் விமர்சனத்துக்கு எவ்வளவு தூரம் உதவக்கூடியன என்பது நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வரும் வினாவாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. றிச்சர்ட்ஸ் தம் மாணவர்க்குக் கவிதைகளை ஆசிரியர் பெயரின்றிக் கொடுத்து, அவர்கள் எழுதிய கருத்துரைகளைத் தொகுத்து ஆராய்ந்து, 1929ஆம் ஆண்டிலே 'செயன்முறைத் திறனாய்வு' என்னும் நூலை வெளியிட்டார். பெயர் அகன்றதும் மாணவரது தீர்ப்புகள் பெரிதும் தடுமாறியமையை அந்நூல் காட்டிற்று. புகழ்பெற்ற பெயரே பல வேளைகளில் மதிப்பீட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது என்ற உண்மை அதனால் வெளியாயிற்று.

இச்சோதனைக்கு நேரெதிரான நிலைமை ஒன்றைக் கற்பனை செய்வோம். கலைஞரின் பெயர் மட்டுமன்றி, அவர் தந்தையின் தொழில், அவர் கற்ற பாடசாலை, குடும்பத்தின் செல்வநிலை ஆகிய யாவும் படைப்புக்கு முன்னரே சுவைப்போரை வந்தடைந்துவிடின் அவர்தம் தீர்ப்பு எவ்வாறு அமையும்? நியூயோர்க் நகரைச் சேர்ந்த 'த ஸ்ரோக்ஸ்' என்ற இளைஞர் குழு 2001ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'இஸ் திஸ் இற்' என்னும் முதல் இசைத்தட்டு பெற்ற வரவேற்பு, ஏறக்குறைய இத்தகைய சோதனையாகவே அமைந்துவிட்டது. அத்தட்டின் தரத்தை எடைபோடுவதோடு, அதுபற்றிக் கேட்போர் கூறிய கருத்துகளின் அடிப்படைகளை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். முற்போக்கு விமர்சனத்தில் ஈடுபாடுடையோர் அடிக்கடி எதிர்கொள்ளும் வினா ஒன்று அக்கருத்துகளின் அடியில் உள்ளது. கலைஞன் பிறந்த வர்க்கம் அவன் கலையின் மதிப்பைத் தீர்மானிக்கின்றதா என்பதே அவ்வினா.

1. கேட்போர் கூறியவை

முதலில் செய்திகளைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். பாடகர் ஜூலியன் கசபிளாங்காஸ், கிற்றார்க் கலைஞர்களான நிக் வலென்சி, அல்பேர்ட் ஹமொன்ட் (இளையவர்), பேஸ் கிற்றார் வாசித்த நிக்கொலாய் பிரெய்ச்சர், ட்றம்ஸ் வாசித்த பப்றிசியோ மொரெற்றி ஆகிய ஐவரும், தட்டு வெளிவந்த வேளையில் இருபது முதல் இருபத்துமூன்று வயது வரையினர். 2001 ஜனவரியில் இலண்டனின் றஃப் றேட் நிறுவனம் இவர்களது மூன்று பாடல்களைக் கொண்ட சிறுதட்டை வெளியிட்டது. அக்காலத்தில் வார இதழாக அச்சில் வெளிவந்த 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிறெஸ்' இவர்களைப் பெரிதும் உயர்த்திப் பேசிற்று. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் முழுத்தட்டு ஐக்கிய இராச்சியத்தில் வெளிவந்தபோது அவ்விதழ் பத்துக்குப் பத்துப் புள்ளிகள் வழங்கிற்று. தட்டு அங்கு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை சென்றது. ஐக்கிய அமெரிக்காவில் 33ஆம் இடத்துக்கு மேல் செல்லவில்லை. தாயகத்தில் பெற்ற வணிக வெற்றி அடக்கமானதாயினும், அங்குள்ள விமர்சகரிடையே மதிப்பு உயர்ந்தே இருந்தது. 'வில்லேஜ் வொய்ஸ்' ஏடு அவ்வாண்டுக்கென நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் பொப் டிலனின் தட்டுக்கு அடுத்த இடம் இதற்குக் கிடைத்தது.

கேட்போரின் அபிப்பிராயங்களை நான்கு வகையாக அடக்கலாம். றொக் இசையை இவர்கள் மீட்டுவிட்டனர் என்பது முதல் வகை. கணினி ஒலிகளும் பளபளப்பான இளைஞர் பாடற்குழுக்களும் ஆட்சிசெய்த வேளையில், இரு கிற்றார்களோடு வந்து உயிர் கொடுத்தனர் என்பது இவர்கள் வாதம். இரண்டாம் வகையினர் இதனைப் போலி என்றனர். வெல்வெற் அண்டர்கிறவுண்ட், ரெலிவிஷன் முதலிய பழைய நியூயோர்க் குழுக்களின் சாயலை இத்தட்டில் அவர்கள் சுட்டினர். 'லாஸ்ற் நைற்' பாடலின் தொடக்கம் ரொம் பெற்றியின் 'அமெரிக்கன் கேர்ள்' பாடலை ஒத்திருப்பது வெளிப்படை. மூன்றாம் வகையினரின் ஆட்சேபம் இசை பற்றியதன்று. 'இவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள்' என்பதே அது. நான்காம் வகையினர் இவ்வாதங்களில் தலையிடாது, முப்பத்தாறு நிமிடங்களில் முடிந்துவிடும் பதினொரு பாடல்களையும் மீண்டும் மீண்டும் கேட்டவர்கள். விமர்சன ஏடுகளில் இடம்பெறாத இவர்களே தொகையில் மிகுந்தவர் எனக் கொள்வதில் தவறில்லை.

போலி என்ற குற்றச்சாட்டு எம்மை அதிகம் தடுத்து நிறுத்த வேண்டியதில்லை. மரபொன்றினுள் நின்று ஆக்கும் எவரும் முன்னோரின் சாயலைத் தவிர்த்தல் அரிது. கடன்பெற்றதைக் கொண்டு என்ன செய்தனர் என்பதே வினா. ரொம் பெற்றியே இவ்வொற்றுமை தம்மை உறுத்தவில்லை என்ற கருத்தினை 2006ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். மீட்பர் என்ற புகழுரையும் செல்வர் என்ற இகழுரையுமே ஆழமாக நோக்கற்பாலன.

2. கராஜ் என்னும் சொல்

செல்வர் என்ற இகழுரைக்கு வலுவளித்தது 'கராஜ் றொக்' என்ற வகைப்பெயராகும். எமது பேச்சுவழக்கிலே கராஜ் என்பது வாகனம் திருத்தும் தொழிலகத்தைக் குறிக்கும். ஆதலின் எண்ணெய்க் கறை படிந்த கைகளையுடைய தொழிலாள இளைஞரின் இசை இது என்ற எண்ணம் இயல்பாகவே எம்மிடத்துத் தோன்றக்கூடும். அமெரிக்க வழக்கில் இச்சொல் முதன்மையாக வீட்டோடு சேர்ந்த மோட்டார்க் கொட்டகையைக் குறிக்கும். இரண்டாம் உலகப்போரின் பின்னர் விரிந்த புறநகரங்களில் சொந்த வீடும் சொந்த வண்டியும் உடைய குடும்பங்களின் கொட்டகை அது. 1964 பெப்ரவரி 9ஆம் திகதி பீற்றில்ஸ் குழு எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியதன் பின், நாடெங்கணும் பதின்ம வயதினர் குழுக்களை அமைத்துப் பயின்ற இடங்களுள் முக்கியமானது அக்கொட்டகை. பெற்றோர் வாங்கிக்கொடுத்த கிற்றார் அங்கிருந்தது, ஓய்வுநேரமும் இருந்தது. கராஜ் என்ற பெயரே சொத்துடைமையின் ஓர் அடையாளத்தைத் தாங்கி நிற்பதனை இகழ்ந்தோர் பலர் கவனிக்கவில்லை.

அவ்விசை முழுவதும் நடுத்தர வர்க்கத்தினரதே என்று கொள்வதும் பிழையாகும். 1966இல் '96 ரியர்ஸ்' என்ற பாடலால் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்த குழுவினர், மிச்சிகன் மாநிலத்தில் குடியேறிய மெக்சிக்க வழிவந்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதன் பாடகர் ஒரு கேள்விக்குறியையே தமது பெயராகக் கொண்டிருந்தார். கிங்ஸ்மென் குழு 1963இல் பதிவுசெய்து புகழ்பெற்ற 'லூயி லூயி' பாடலோ றிச்சர்ட் பெறி என்ற கறுப்பினக் கலைஞர் இயற்றியது. சமூக அடித்தளத்தால் வேறுபட்ட இவர்களை ஒரே வகையாக இணைத்தது பிற்காலம். 1972ஆம் ஆண்டில் லெனி கேய் 'நகெற்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டில் இத்தகைய பாடல்களைத் தொகுத்தளித்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் எழுதிய விமர்சகர்களே இவ்வோசையை ஒரு தனி மரபாகவும், தூய்மையின் சின்னமாகவும் நிலைநிறுத்தினர்.

எனவே கராஜ் றொக் என்பது வர்க்கம் ஒன்றின் பெயரன்று. ஓசை மரபொன்றின் பெயர். சொற்கள் விளங்காதபடி பதிவாகிய குரல், கரகரக்கும் கிற்றார், மெருகிடப்படாத தாளம் என்பன அதன் இலக்கணங்கள். அறுபதுகளில் இவை பெரும்பாலும் வசதியின்மையால் விளைந்தன. 'லூயி லூயி' பாடலின் சொற்களில் ஆபாசம் உண்டோ என மத்திய புலனாய்வுத் துறையினர் ஆராய்ந்து, பாடல் எந்த வேகத்திலும் விளங்கவில்லை என முடிவுசெய்த கதை யாவரும் அறிந்தது.

ஸ்ரோக்ஸ் குழுவிடம் அதே கரகரப்பு தேர்வின் விளைவாகும். அனுபவம் மிக்க ஆங்கிலத் தயாரிப்பாளரான கில் நோட்டனுடன் முதலில் செய்த பதிவுகள் மிகத் துப்புரவாக உள்ளன எனக் கூறி அவர்கள் கைவிட்டனர். பின்னர் கோர்டன் றபாயல் என்பவரோடு, ஈஸ்ற் வில்லேஜ் பகுதியில் இருந்த அவரது நிலக்கீழ் ஒலிப்பதிவுக் கூடத்திலே இத்தட்டை உருவாக்கினர். பாடகரின் குரல் பயிற்சிக்குப் பயன்படும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றினூடாகச் செலுத்தப்பட்டுச் சிதைக்கப்பட்டது. ட்றம்ஸுக்குப் பெரும்பாலும் மூன்று ஒலிவாங்கிகளே பயன்பட்டன. முந்திய தலைமுறையினர் வசதியின்மையால் அடைந்ததை இவர்கள் முயன்று அடைந்தனர். இதனைப் பொய் என இகழ்வது எளிது. ஆயின் மெருகும் ஒரு செயற்கையே. மெருகின்மையும் ஒரு செயற்கையே. கலையில் இயற்கை என நாம் கருதுவது பெரும்பாலும் வெற்றிபெற்ற செயற்கையாகும்.

3. செல்வர் பிள்ளைகள் என்ற வாதம்

கசபிளாங்காஸின் தந்தை எலீற் என்ற உலகப் புகழ்பெற்ற விளம்பர அழகியர் முகவர் நிறுவனத்தை நிறுவியவர். ஹமொன்டின் தந்தை புகழ்பெற்ற பாடலாசிரியர். இவ்விருவரும் முதலில் சந்தித்தது சுவிற்சர்லாந்திலுள்ள லெ றோசே என்ற செல்வந்தர் விடுதிப் பாடசாலையில். வலென்சியும் மொரெற்றியும் கசபிளாங்காஸுக்கு நண்பரானது மான்ஹற்றனின் தனியார் பாடசாலையொன்றில். இவை மறைக்கப்பட்ட இரகசியங்களல்ல. கந்தல் மேலங்கியும் கலைந்த தலையுமாக மேடையேறிய இவர்களிடம் கேட்போரிற் சிலர் சினங்கொண்டமை விளங்கிக்கொள்ளக் கூடியதே.

இவ்வேளையில் பலர் இவர்களோடு ஒப்பிட்டுப் பேசியது டிற்றொய்ற் நகரின் 'வைற் ஸ்றைப்ஸ்' குழுவை. அதன் தலைவர் ஜக் வைற் பத்துப் பிள்ளைகளுள் இளையவர். கதிரைகளுக்கு உறையும் மெத்தையும் தைக்கும் தொழிலைச் செய்தவர். இங்கே உண்மையான உழைப்பாளியின் குரல் கேட்கின்றது எனச் சிலர் மகிழ்ந்தனர். ஆயின் அக்குழுவின் இருவரும் தம்மை உடன்பிறந்தோர் என உலகுக்கு அறிவித்திருந்தனர். அவர்கள் 1996இல் மணம்புரிந்து 2000இல் மணவிலக்குப் பெற்றவர்கள் என்பது பின்னர் வெளியாயிற்று. தொழிலாளியின் பிள்ளையும் வேடம் புனையலாம். செல்வரின் பிள்ளையும் உண்மை பேசலாம். மேடையில் நிற்பவரின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு ஓசையின் நேர்மையை அளக்க முடியாது.

பல்சாக் பற்றி எங்கெல்ஸ் கூறியது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1888ஆம் ஆண்டு மார்கிறெற் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில், முடியாட்சியை ஆதரித்த பல்சாக் தம் சொந்த அனுதாபங்களுக்கு மாறாகவே தாம் நேசித்த பிரபு வர்க்கத்தின் வீழ்ச்சியைக் காட்டினார் என்பதனை அவர் எடுத்துரைத்தார். பல்சாக்கின் பரப்பும் ஆழமும் இவ்விளைஞரிடம் உண்டு என்பது எமது கருத்தன்று. கலைஞனின் வர்க்கச் சார்புக்கும் படைப்பு வெளிப்படுத்தும் உண்மைக்கும் இடையே உள்ள உறவு நேர்கோடன்று என்ற முறையியற் கருத்தே எமக்கு வேண்டியது. அதனை அறிந்த முற்போக்காளர் இசையென வரும்போது மறந்துவிடுதல் விந்தையே.

எனினும் வர்க்கம் பற்றிய வினாவை நாம் கைவிடுதல் கூடாது. அதனை உரிய இடத்தில் எழுப்புதல் வேண்டும். செல்வம் இவர்களுக்குப் பாடலை எழுதிக் கொடுக்கவில்லை. அது கொடுத்தது அவகாசம். தோற்றாலும் வீழ்ந்துவிட மாட்டோம் என்ற துணிவு. கலையுலகின் பேச்சும் நடையும் சிறுவயதிலேயே கைவந்த பழக்கம். அதே ஆண்டுகளில் அதே நகரில் இரவுவேலை செய்து வாடகை கட்டிய எத்தனை இளைஞர் ஒரு தட்டைக்கூடப் பதிவுசெய்யாது போயினர் என்பதே வர்க்க நோக்குடைய விமர்சகன் கேட்க வேண்டிய வினா. இது சமூகத்தின் மீதான குற்றச்சாட்டு. தட்டின் மீதான தீர்ப்பன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டோர், சில இளைஞரை இகழ்ந்த மனநிறைவோடு, வாய்ப்புகளைப் பங்கிடும் அமைப்பைக் கேள்விக்குள்ளாக்காது விட்டுவிட்டனர்.

4. ஓசையும் உள்ளடக்கமும்

தட்டினுள் என்ன உள்ளது? பாடல்கள் யாவும் கசபிளாங்காஸினால் இயற்றப்பட்டவை. ஒரு கிற்றார் பாட மற்றையது துணைநிற்றல் என்ற வழமையை விடுத்து, இரண்டும் தனித்தனி இழைகளாக ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்கின்றன. பேஸ் கிற்றார் வெறும் அடித்தளமாய் நில்லாது தானும் ஒரு மெட்டை ஏந்துகின்றது. தட்டின் பெயரைத் தாங்கிய முதற் பாடலில் மனத்தில் நிற்பது அதன் நடையே. ட்றம்ஸ் இயந்திரம் போல ஒழுங்கானது, ஆரவாரம் செய்வதில்லை. நீண்ட தனிவாசிப்புகளுக்கு இடமில்லை. மிகையான எதுவும் நீக்கப்பட்ட இச்சிக்கனமே இத்தட்டின் முதன்மையான சாதனை. வெகுசன இசை முழுவதும் ஒரே அச்சில் வார்க்கப்படுவது என 1941இல் அடோர்னோ முன்வைத்த வாதத்தை நாம் முற்றாக மறுக்க இயலாது. இப்பாடல்களின் அமைப்பும் பழக்கமானதே. ஆயினும் அச்சு ஒன்றாயினும் அதனுள் இழைகள் பின்னப்படும் விதத்தில் சிந்தனை உண்டு என்பதனை இத்தட்டு உணர்த்துகின்றது.

இவ்வொழுங்கான பின்னலின் நடுவே, தொலைபேசியில் ஒலிப்பது போன்ற களைத்த குரல் ஒன்று கேட்கின்றது. ஒழுங்குக்கும் களைப்புக்கும் இடையிலான இம்முரண்பாடே தட்டின் உணர்ச்சி மையம் எனலாம். பாடல்களின் உலகம் மிகக் குறுகியது: இரவு, மதுச்சாலை, பிணக்கு, சலிப்பு. உழைப்பு அங்கே தலைகாட்டுவது அரிது. வாடகை இல்லாத நகரம் அது. ஆனால் அக்குறுகிய உலகம் தன்னைக் கொண்டாடவில்லை. தலைப்பு 'இவ்வளவுதானா' என வினவுகின்றது, வினாக்குறி இடப்படவில்லை. எல்லாம் கைக்கெட்டிய இளமையொன்று அவை போதாமையை உணர்ந்து நிற்கும் நிலையினை அக்குரல் மெய்யாகவே வெளிப்படுத்துகின்றது. செல்வர் பிள்ளைகள் என்ற தகவலை நிராகரிப்பதிலும், அதனைச் சரியாகப் பயன்படுத்தின் இத்தட்டு மேலும் விளங்கும் என்பதே எமது நிலைப்பாடு. இச்சலிப்பு இவர்கள் அறிந்த சலிப்பு. வேடம் உடையில் இருக்கலாம், குரலில் இல்லை.

இத்தட்டின் மெய்யான குறை வேறோரிடத்தில் உள்ளது. இப்பாடல்களில் வரும் பெண்கள் பேசப்படுகின்றனரேயன்றித் தாம் பேசுவது அரிது. மூல அட்டைப்படமோ கையுறையணிந்த கை வைக்கப்பட்ட பெண்ணுடலின் ஒரு பகுதியை, முகமின்றிக் காட்டிற்று. அமெரிக்கப் பதிப்பில் அது அணுத்துகள்களின் தடங்களைக் காட்டும் படமாக மாற்றப்பட்டது. இதுபற்றிய சர்ச்சை பெரும்பாலும் ஒழுக்கம் பற்றியதாகவே இருந்தது. தந்தையரின் செல்வத்தைக் கணக்கிட்ட கேட்போர், பாடலில் வரும் பெண்ணின் வாய்பேசாமையைப் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. பிறப்பை விசாரித்தவர்கள் படைப்பை விசாரிக்க மறந்தமைக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5. ஒரு பாடலின் பயணம்

பொருள் படைப்பாளியிடம் மட்டும் தங்கியிருப்பதில்லை என்பதற்கு 'நியூயோர்க் சிற்றி கொப்ஸ்' என்ற பாடலின் வரலாறு சான்று பகரும். நகரப் பொலிசாரின் அறிவை ஏளனம் செய்யும் இப்பாடல் உண்மையில் கேளிக்கைத் தொனியுடையது. திட்டமிட்ட எதிர்ப்புப் பாடலன்று. அது எழுந்த நகரத்திலோ பொலிசார் பற்றிய கோபம் ஆறாதிருந்தது. 1999 பெப்ரவரியில் ஆயுதமற்ற கினி நாட்டு இளைஞர் அமடூ டியாலோவை நோக்கி நான்கு பொலிசார் 41 முறை சுட்டனர். மறு ஆண்டு நால்வரும் விடுவிக்கப்பட்டனர்.

2001 செப்ரெம்பர் 11ஆம் திகதித் தாக்குதலின் பின் நிலைமை தலைகீழாயிற்று. உயிர்ப்பலி கொடுத்த பொலிசாரும் தீயணைப்போரும் வீரராகப் போற்றப்பட்டனர். அமெரிக்காவில் தட்டின் வெளியீடு ஒக்ரோபர் 9ஆம் திகதிக்குப் பின்போடப்பட்டது. அப்பாடல் நீக்கப்பட்டு வேறொன்று சேர்க்கப்பட்டது. அதே செப்ரெம்பர் 11ஆம் திகதி அங்கு வெளியான வைனில் தட்டிலும், பிறநாட்டுப் பதிப்புகளிலும் அது எஞ்சியது. இவ்வாறு ஏளனப் பாட்டொன்று இழவு வீட்டில் ஒலிக்கத்தகாத பாட்டாயிற்று. 2020 பெப்ரவரி 10ஆம் திகதி நியூ ஹம்ப்சயர் மாநிலத்தின் டேரம் நகரில் பேர்னி சாண்டர்ஸின் தேர்தற் கூட்டத்தில் இக்குழுவினர் இசைத்தனர். மேடையில் பொலிசார் காணப்பட்ட அவ்வேளையில் பாடப்பட்டதும் இதே பாடல். கேளிக்கையாய்ப் பிறந்தது அரசியலாய் முதிர்ந்தது. பாடல் மாறவில்லை, அதைச் சூழ்ந்த சமூகம் மாறிற்று. பாடலின் பொருள் அதைக் கேட்போரின் வரலாற்றோடு சேர்ந்தே வளர்கின்றது.

6. முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, மீட்பர் எனப் போற்றியோரும் செல்வர் என இகழ்ந்தோரும் ஒரே தவறையே செய்தனர் என்பது புலனாகும். இருவரும் படைப்பை விடுத்துப் படைத்தோரின் உருவத்தை மதிப்பிட்டனர். இருவர் கருத்துக்கும் அடியில் இருந்தது கராஜின் ஓசையே மெய்யான ஓசை என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கையை எழுபதுகளின் விமர்சகர் உருவாக்கினர், வணிக நிறுவனங்கள் விற்றன. மெய்ம்மை என்பதே விற்பனைப் பண்டமாகும்போது, அது உண்டா இல்லையா என வாதிடுவோர் இரு தரப்பினரும் அச்சந்தையின் வாடிக்கையாளரே.

2009இல் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிறெஸ்' இத்தட்டைப் பத்தாண்டின் சிறந்த தட்டாகத் தெரிவுசெய்தது. அதற்குள் இகழுரைகளின் வேகம் தணிந்திருந்தது. இன்று இத்தட்டை முதன்முறையாகக் கேட்கும் இளைஞருட் பலர் குழுவினரின் தந்தையரை அறியார். றிச்சர்ட்ஸின் மாணவர் போலப் பெயரும் பிறப்பும் அகன்ற நிலையில் கேட்போர் அவர்கள். எஞ்சியிருப்பது பின்னிச் செல்லும் இரு கிற்றார்களும், களைத்த ஒரு குரலும், அக்குரல் எழுப்பும் வினாவுமே. அவை நிலைத்தன.

ஆயின் றிச்சர்ட்ஸின் வழி மட்டும் எமக்குப் போதுமானதன்று. பெயரை மறைத்துக் கேட்பது நல்ல தொடக்கம். அங்கேயே நின்றுவிடின் சமூகம் மறைந்துவிடும். முதலில் ஓசையைக் கேட்டு, பின்னர் அது எவருடைய அவகாசத்தில் பிறந்தது, எவரைப் பேசவிடவில்லை, எவரிடம் சென்று என்ன பொருள் பெற்றது என வினவுதலே தக்க ஒழுங்காகும். இவ்வொழுங்கு தலைகீழாகும்போது விமர்சனம் குலம் விசாரிக்கும் தொழிலாகச் சுருங்கிவிடும். குலம் விசாரிப்பதை எதிர்த்தே எழுந்த முற்போக்கு விமர்சனத்துக்கு அது பொருந்தாது.